லோடு ஏற்றினால் மட்டும் சூடாகும் டீசல் லாரி: எங்கே, எப்போது ஏறுகிறது என்று பாருங்கள்

லாரி சூடாகிறது என்று யார் வந்து நின்றாலும் நான் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் கேட்பது ஒன்றுதான். "எங்க ஏறுச்சு அண்ணே?" சிக்னலில் நிற்கும்போதா, பி.ஐ.இ. விரைவுச்சாலையில் ஓடும்போதா, சுரங்கத்திலிருந்து மேலே வரும்போதா, பின்னால் டிரெய்லர் இருந்ததா, காலி வண்டியா? பாதிப் பேருக்குப் பதில் இருக்காது. "சும்மாவே ஏறுது தம்பி" என்பார்கள். சும்மா எதுவும் ஏறாது. எப்போது ஏறுகிறது என்று சரியாகச் சொல்லிவிட்டால் சந்தேகப்பட வேண்டிய பத்துப் பொருளில் ஏழு அங்கேயே கழிந்துவிடும். அது தெரியாமல், கூலண்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடுகிற தெர்மோஸ்டாட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போனால் முதலாளியின் பணமும் உங்கள் ஞாயிற்றுக்கிழமையும்தான் போகும். நானே அப்படிப் போனவன்தான், அந்தக் கதை கீழே வருகிறது.

இது இந்த ஊரில் ஓடும் டீசல் லாரிகளுக்காக எழுதுவது. அதிலும் ரீமேப் செய்தோ (இன்ஜின் கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றுவது) டியூனிங் பெட்டி மாட்டியோ சக்தியைக் கூட்டி, பின்னால் ஜெனரேட்டர், கம்ப்ரெசர் என்று கனமாக இழுக்கிற வண்டிகளுக்கு. சிங்கப்பூரில் மலை கிடையாது, புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குள்தான். அப்புறம் ஏன் சூடாகிறது என்றால், பெரிய லாரி மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது, அதனால் எதிர்க்காற்று குறைவு. மதியம் வெளியே 33 டிகிரி, 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி வரை போனது. தார் ரோட்டுக்கு மேலே, முன்னால் நிற்கும் பேருந்தின் புகைக்குப் பின்னால், ரேடியேட்டருக்குள் நுழைகிற காற்று அதைவிடச் சூடு. இத்தனைக்கும் மேலே ஜாம்.

இப்போதே சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டிருந்தால்

முதலில் ஏர்கானை அணையுங்கள், காலைத் தளர்த்துங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஹீட்டரை முழுதாகப் போடச் சொல்வார்கள். இங்கே ஓடுகிற பல லாரிகளில் ஹீட்டரே கிடையாது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஓரம் கட்டியதும் கூலண்ட் நிற்கிற சின்ன டேங்கில் தண்ணீர் (கூலண்டைத்தான் தண்ணீர் என்கிறேன்) தெரிகிறதா, கீழே ஒழுகுகிறதா என்று பாருங்கள். தண்ணீர் இருக்கிறது, ஆவி அடிக்கவில்லை என்றால் இன்ஜினை உடனே அணைக்காமல் நியூட்ரலில் 1,200 சுற்று அளவில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். ஃபேனும் வாட்டர் பம்பும் சுற்றினால்தான் சூடு வெளியே போகும், டர்போவுக்கும் அதுதான் நல்லது. தண்ணீர் போய்விட்டது, ஹோஸ் வெடித்துவிட்டது, அல்லது முள் இறங்காமல் இன்னும் ஏறுகிறது என்றால் யோசிக்காமல் அணையுங்கள்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் ஒருவர் திறந்துவிட்டு வருவார். அந்த மூடி சுமார் ஒரு பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் உள்ளே தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. திருகிய நொடியில் அழுத்தம் போய்விடும், அத்தனையும் ஒரேயடியாகக் கொதித்து முகத்துக்கு நேரே வரும். அரை மணி நேரமாவது பொறுங்கள், மேல் ஹோஸைத் துணியோடு அமுக்கிப் பார்த்துத் தளர்வாக இருந்தால் மட்டும் திறங்கள். சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை மொத்தமாக ஊற்றினால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விழலாம், அதுவும் வேண்டாம்.

விரைவுச்சாலையில் நின்றுவிட்டால் வண்டிக்குப் பின்னால் நிற்காதீர்கள், கேபினைத் தூக்கி வேலை பார்க்காதீர்கள், தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். விரைவுச்சாலைகளைக் கண்காணிக்கிற எமாஸ் அமைப்பின் மீட்பு வண்டி வந்து பக்கத்திலிருக்கும் குறிப்பிட்ட கார் நிறுத்துமிடம் வரை இலவசமாகவே இழுத்துக்கொண்டு போய் விடும்.

முள் சொல்வது உண்மையா

சில லாரிகளில் முள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும், 85 என்றாலும் 97 என்றாலும் அதே இடம். அதைத் தாண்டியதும் திடீரென்று துள்ளும். டிரைவர் "இப்பத்தான் அண்ணே ஏறுச்சு" என்று சொல்வது பொய்யில்லை, முள்தான் அவரிடம் பொய் சொல்லியிருக்கிறது. அதனால் ஒரு ஸ்கேனர் மாட்டி டிகிரியை எண்ணாகப் பாருங்கள். கூடவே இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தெர்மோஸ்டாட் மூடி மேல் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஐந்தாறு டிகிரிக்குள் ஒத்துப்போனால் சூடு நிஜம். ஸ்கேனர் 110 காட்டும்போது மூடி 88தான் என்றால் சென்சாரோ எர்த் ஒயரோதான், ஐந்து நிமிட வேலை.

பெரும்பாலான லாரிகளில் தெர்மோஸ்டாட் 82 முதல் 85 டிகிரிக்குள் திறக்க ஆரம்பித்து 95 பக்கம் முழுதாகத் திறக்கும். அதனால் முழு லோடோடு ஏற்றத்தில் 95, 97 என்று போய்ச் சமதளத்துக்கு வந்ததும் இறங்கினால் அது நோய் இல்லை. 100 தாண்டி இறங்காமல் நிற்பதுதான் நோய்.

நின்றால் ஏறுகிறது, ஓடினால் இறங்குகிறது

இது ஃபேன். நிற்கும்போது காற்றை இழுக்கிற ஒரே ஆள் அவர்தான், அவர் வேலை செய்யவில்லை. பெரும்பாலான லாரிகளில் ஃபேனுக்கு நடுவே சிலிக்கான் எண்ணெய் போட்ட கிளட்ச் இருக்கும், முன்பக்கம் சுருள் தகடு ஒன்று இருக்கும். ரேடியேட்டர் வழியாக வருகிற காற்று சூடாகச் சூடாக அந்தச் சுருள் திருகி, கிளட்ச் பிடித்து, ஃபேன் முழு வேகத்தில் சுற்றும். அப்போது லாரி "ஊ...." என்று இரைவது கேபினுக்குள்ளேயே கேட்கும். டிரைவரிடம் கேளுங்கள், அந்தச் சத்தம் கடைசியாக எப்போது வந்தது என்று. "அது வந்து ரொம்ப நாளாச்சு, வண்டி இப்ப சத்தமே இல்லாம நல்லா ஓடுது" என்று சந்தோஷமாகச் சொன்னால் பாதி விஷயம் முடிந்தது.

சோதனை சுலபம். இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஃபேனைக் கையால் தள்ளுங்கள். சூடான இன்ஜினில் கனமாக, எண்ணெயில் கரண்டி சுற்றுவது போல இருக்க வேண்டும். காற்றாடி மாதிரி நாலைந்து சுற்று சுற்றினால் கிளட்ச் போய்விட்டது. முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். சுருளைச் சுற்றி எண்ணெய்க் கறை இருந்தால் கேட்கவே வேண்டாம். ஃபேன் பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு இரண்டையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கூடு உடைந்து பாதி இல்லையென்றால் ஃபேன் இழுப்பது ரேடியேட்டர் வழியாக வருகிற காற்றை இல்லை, இன்ஜின் பக்கத்துச் சூட்டைத்தான்.

ஓடும்போது, லோடோடு, மெல்ல மெல்ல ஏறுகிறது

இங்கேதான் என் கதை. ஒரு 24 அடி லாரி, ரீமேப் செய்தது, பின்னால் டிரெய்லரில் ஜெனரேட்டர் இழுத்துக்கொண்டு கட்டுமானத்தளம் கட்டுமானத்தளமாகப் போகும். துவாஸிலிருந்து கிளம்பினால் ஜூரோங் தாண்டும்போது 92, கிளமெண்டி பக்கம் 97, எம்.சி.இ. விரைவுச்சாலைச் சுரங்கத்தில் இறங்கி மேலே ஏறும்போது 104. காலி வண்டியாகத் திரும்பும்போது ஒன்றுமே இல்லை. நான் தெர்மோஸ்டாட் மாற்றினேன். மூடி மாற்றினேன். வாட்டர் பம்பைக் கழற்றி, அது நன்றாகவே இருந்தும், கழற்றியது கழற்றியாயிற்று என்று புதுசு போட்டேன். ரேடியேட்டரை முன்னால் நின்று பார்த்தேன், பளிச்சென்று இருந்தது, ஏனென்றால் டிரைவர் அண்ணன் வாரா வாரம் முன்பக்கம் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுகிற ஆள்.

மூன்றாவது தடவை அவர் வந்து நின்றபோது கேபினைத் தூக்கி, பக்கவாட்டிலிருந்து இன்டர்கூலருக்கும் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும்) ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கிற இரண்டு விரல் சந்தில் டார்ச் அடித்தேன். வெளிச்சம் அந்தப் பக்கம் வரவில்லை. உள்ளே ஒரு பாய் விரித்திருந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலை, அங்சானா மரத்தின் மஞ்சள் பூ, சிமெண்ட் தூசி, எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கில் ஒட்டிக் கம்பளி மாதிரி. விரலால் இழுத்தால் பட்டை பட்டையாக வந்தது. ராத்திரி முழுக்க லாரி நிற்கிற இடத்தில் மேலே மரம், பகல் முழுக்க கட்டுமானத்தளம், வேறெப்படி இருக்கும்? அண்ணன் வாரா வாரம் முன்னாலிருந்து தண்ணீர் அடித்தது இன்டர்கூலரைச் சுத்தமாக்கி, குப்பையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ரேடியேட்டர் வெளியே அடைத்துக்கொண்டால் சூடான காற்று ஃபேன் கிளட்சின் சுருளுக்கும் போய்ச் சேராது. தண்ணீர் 104, ஆனால் சுருளுக்கு அது தெரியவே தெரியாது, ஃபேன் சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் கிளட்சைக் குறை சொல்லி மாற்றுவீர்கள், புதுக் கிளட்சும் அப்படியே சுற்றும்.

சுத்தம் செய்வது எப்படி என்றால், இன்ஜின் குளிர்ந்த பிறகு இன்டர்கூலரின் போல்ட்டுகளைக் கழற்றி முன்னால் சாய்த்து, ஏர்கான் கண்டென்சரையும் நகர்த்த முடிந்தால் நகர்த்தி, எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் திரவத்தை அடித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து வெளியே, காற்று வருகிற திசைக்கு எதிர்த்திசையில், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர் அடியுங்கள். ஜெட் கழுவியை ஓர் அடி தூரத்தில் பிடித்தால் ரேடியேட்டரின் மெல்லிய ஃபின் தகடுகள் மடங்கிக்கொள்ளும், அப்புறம் சீப்பு வைத்து ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு உட்கார வேண்டியதுதான். டார்ச்சைப் பின்னால் பிடித்தால் முன்னால் வெளிச்சம் சீராகத் தெரிகிற வரை விடாதீர்கள்.

வெளியே சுத்தமாக இருந்தும் ஏறினால் உள்ளே அடைப்பு இருக்கலாம். வண்டி நன்றாகச் சூடானதும் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் மேல் கோடு கோடாக நகர்த்துங்கள். சூடு சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும், நடுவில் ஒரு திட்டு மட்டும் பளிச்சென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. அப்புறம் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் பாருங்கள். லோடோடு ஓடி வந்தவுடன் இரண்டுக்கும் சுமார் 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் சரி. 20க்கு மேல் என்றால் தண்ணீர் போதிய வேகத்தில் சுற்றவில்லை, அதாவது பம்ப், தெர்மோஸ்டாட், உள் அடைப்பு. இரண்டுமே கொதிக்கிறது, வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரிதான் என்றால் தண்ணீர் ஓடுகிறது, காற்றுதான் சூட்டை வாங்கிக்கொண்டு போகவில்லை. அதாவது வெளியே அடைப்பு அல்லது ஃபேன். இந்த ஒரு அளவை முதல் நாளே எடுத்திருந்தால் நான் அந்தப் பம்பைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

கீழ் ஹோஸை இன்னொரு காரணத்துக்காகவும் பாருங்கள். பம்ப் அதிலிருந்துதான் உறிஞ்சுகிறது. பழைய ஹோஸ் மெத்தென்று ஆகியிருந்தால் இன்ஜின் வேகம் கூடும்போது உறிஞ்சலில் சப்பென்று ஒட்டிக்கொள்ளும், வேகம் குறைந்ததும் பழையபடி ஆகிவிடும். பட்டறையில் ஐடிலில் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருவரை ஆக்சிலரேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும், காலை அழுத்தினால் மட்டும் ஏறுகிறது

மேலே சொன்ன லாரியைச் சுத்தம் செய்ததும் ஜூரோங், கிளமெண்டி எல்லாம் 90லேயே நின்றது. ஆனால் எம்.சி.இ.யிலிருந்து மேலே வரும்போது இன்னும் 101. இது தனிப் பிரச்சினை. இது ரீமேப்.

ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். 150 குதிரைத்திறன் இன்ஜின் என்றால் 110 கிலோவாட். டீசல் எரிந்து வருவதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான் சக்கரத்துப் பக்கம் போகிறது, மீதி எல்லாம் சூடு. அந்தச் சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 70 - 75 கிலோவாட், ரேடியேட்டர் தலையில் விழுகிறது. ரீமேப்பில் 20 சதவீதம் டீசலைக் கூட்டினால் முழு மிதியில் ரேடியேட்டருக்கு இன்னும் 15 கிலோவாட் வருகிறது. வீட்டில் தண்ணீர் கொதிக்க வைக்கிற மின் கெண்டி ஏழெட்டை ஒரே நேரத்தில் ரேடியேட்டருக்குள் போட்டது மாதிரி. ரீமேப் போட்டவர் ரேடியேட்டரைப் பெரிதாக்கிக் கொடுத்தாரா? இல்லை. காலி வண்டியில் நீங்கள் அந்த முழு மிதியை மூன்று நொடிக்கு மேல் பிடிப்பதே இல்லை, அதனால் தெரியாது. நாலு டன் ஜெனரேட்டரோடு சுரங்கத்திலிருந்து ஏறும்போது ஒன்றரை நிமிடம் பிடிக்கிறீர்கள்.

எந்த மாதிரி டியூன் என்பதும் முக்கியம். இன்ஜெக்ஷன் நேரத்தை முன்னால் தள்ளியிருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, சூடு ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகும். நேரத்தை விட்டுவிட்டு டீசலை மட்டும் நீளமாக ஊற்றினால் சூடு புகையோடு போகும், தண்ணீர் முள் அவ்வளவாக ஏறாது, ஆனால் டர்போவும் பிஸ்டனும் வேகும். இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் முள்ளில் தெரியாது. அதற்குத்தான் டர்போவுக்கு முன்னால் புகைச்சூட்டை அளக்கிற மீட்டர் வைக்கச் சொல்வது. நீண்ட ஏற்றத்தில் 700 டிகிரியைத் தாண்டி நிற்க விடாதீர்கள். அலுமினியம் உருகுவதே 660 டிகிரியில்தான். பிஸ்டனை அடியிலிருந்து எண்ணெய் குளிர்வித்துக்கொண்டிருப்பதால்தான் அது பிழைக்கிறது. டியூனிங் பெட்டி இன்னும் மோசம், அது டீசல் அழுத்தத்தை அளக்கிற ரெயில் சென்சாருக்கும் இ.சி.யு. என்கிற இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் உட்கார்ந்து அழுத்தம் குறைவு என்று பொய் சொல்கிறது, பம்பும் நம்பி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது.

டியூன்தான் காரணமா என்று எப்படி உறுதி செய்வது? பழைய மேப்பைத் திரும்பப் போடுங்கள், பெட்டியாக இருந்தால் கழற்றுங்கள். அதே லோடு, அதே ரோடு, அதே நேரம், அதே கியர். வேறு எதையும் தொடக் கூடாது. ஸ்கேனரில் நிமிடத்துக்கு ஒரு தடவை டிகிரியை எழுதிக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படிப் போட்டுப் பார்த்தபோது அதே ஏற்றத்தில் 94. முதலாளிக்கு முகம் வாடிவிட்டது, ஆனால் தாளில் இரண்டு வரிசை எண்களைப் பார்த்ததும் பேசவில்லை. ஒன்று சொல்லிவிடுகிறேன், சிங்கப்பூரில் இன்ஜின் மாற்றங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகள் இருக்கின்றன. புகைச் சோதனையில் கருப்பாக ஊதினால் அங்கேயே கேள்வி வரும். லாரி சோதனைக்குப் போகிற வாரம் மட்டும் பழைய மேப்புக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்களிடம் நான் வாதாடுவதில்லை, வேலையும் எடுப்பதில்லை.

டியூனைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். கூடவே கரும்புகை வந்தால் காற்று போதவில்லை: ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது இன்டர்கூலர் ஹோஸில் கீறல். இன்ஜினை அணைத்துவிட்டு இன்டர்கூலர் ஹோஸ்களை விரலால் தடவிப் பாருங்கள், எண்ணெய் ஈரம் இருக்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கசிவு இருக்கும். இரண்டாவது, டிரைவரின் கியர். நிறையப் பேர் டீசலை மிச்சம் பிடிப்பதாக நினைத்து ஐந்தாவது கியரில் 1,200 சுற்றில் ஏற்றத்தை இழுப்பார்கள். கால் முழுக்க மிதித்திருக்கும், சூடு உச்சத்தில், ஆனால் பம்பும் ஃபேனும் இன்ஜின் வேகத்தில்தானே சுற்றும்? ஒரு கியர் குறைத்து 1,800க்குக் கொண்டு வாருங்கள், மிதியைத் தளர்த்துங்கள், அதே ஏற்றத்தில் நாலைந்து டிகிரி குறைவதை நீங்களே பார்ப்பீர்கள். செலவே இல்லாத ரிப்பேர் இது ஒன்றுதான்.

ஆட்டோ கியர் வண்டி என்றால் கியர் எண்ணெயின் கூலர் பல வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும், அந்தச் சூடும் இதே தண்ணீரில்தான் சேரும். டிரெய்லர் இழுக்கிற பெரிய பிரைம் மூவர்களில் ரிடார்டர் என்கிற துணை பிரேக் இருந்தால் கதை தலைகீழ், இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஏறும், ஏனென்றால் அது பிரேக்கின் சூட்டைக் கூலண்டில்தான் கொட்டுகிறது.

டிரெய்லர் மாட்டினால்தான், அதுவும் சமதளத்திலேயே ஏறுகிறது

இன்ஜினை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, கடைசியில் பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பையும் தெர்மாமீட்டரால் அளங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நாற்பது ஐம்பது டிகிரி கூடுதலாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே வருகிறது. டயர் காற்றும் பாருங்கள். லாரி இன்ஜின் நாள் முழுக்கத் தன் பிரேக்கையே எதிர்த்து இழுத்துக்கொண்டிருப்பதை நான் மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

தண்ணீர் குறைகிறது, ஆனால் எங்கேயும் ஒழுகவில்லை

வயிற்றைக் கலக்குகிற அறிகுறி இதுதான், எல்லோரும் உடனே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற தகடு) போய்விட்டது என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். இன்றைய டீசலில் ஈ.ஜி.ஆர். கூலர் என்று ஒன்று இருக்கிறது, எரிந்த புகையைத் தண்ணீரால் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது. அதற்குள் விரிசல் விட்டால் கூலண்ட் புகையோடு போய்விடும், கீழே ஒரு சொட்டும் தெரியாது. வெள்ளைப் புகை, இனிப்பு வாசனை, சின்ன டேங்கில் குமிழி, எல்லாமே ஹெட் கேஸ்கெட் மாதிரியே இருக்கும். கூலரைத் தனியாகக் கழற்றித் தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்காமல் ஹெட்டைத் தூக்காதீர்கள். ஹெட்டைத் தூக்கி, கேஸ்கெட் போட்டு, மூடிய பிறகு மறுபடி தண்ணீர் குறைந்த லாரி ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. அந்த மெக்கானிக்கைக் குறை சொல்லவில்லை, நானும் அதைச் செய்திருப்பேன்.

கூலர் சரி என்றால், காலையில் இன்ஜின் பச்சைத் தண்ணீராக இருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். சூடே ஆகாமல் ஹோஸ் கல் மாதிரி ஆனால் உள்ளே எரியும் வாயு வருகிறது. சோதனைத் திரவம் விற்கிறார்கள், ரேடியேட்டர் வாயில் வைத்துக் காற்றை இழுத்தால் நீலம் நிறம் மாறும், டீசலுக்குப் பச்சையாக. ஆனால் டியூன் செய்த வண்டியில் ஒரு சிக்கல் உண்டு. ஐடிலில் எல்லாம் சுத்தமாக இருக்கும், திரவம் நீலமாகவே இருக்கும், லோடோடு டர்போவின் முழு அழுத்தத்தில் ஏறும்போது மட்டும் சின்ன டேங்க் பொங்கி வழியும். சிலிண்டர் அழுத்தம் கூடிப்போய், அந்த நேரத்தில் மட்டும் ஹெட் ஒரு நூல் அளவு தூக்கிக்கொடுக்கிறது, காலை எடுத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. இதைப் பட்டறையில் நிறுத்திப் பிடிக்க முடியாது. ரேடியேட்டரில் ஒரு அழுத்தமானியை மாட்டி, அதன் கண்ணாடியைக் கேபினில் கட்டி, லோடோடு ஓட்டிப் பாருங்கள். மிதிக்கும்போதெல்லாம் முள் துள்ளினால் அதுதான். பழைய மேப்பைப் போட்டதும் நின்றுவிட்டால்கூட ஹெட் போல்ட்டுகள் ஏற்கெனவே நீண்டிருக்கலாம், மாற்ற வேண்டியிருக்கும்.

சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது

உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் சிக்கிச் சிக்கித் திறக்கிறது. சமீபத்தில் யாராவது கூலண்ட் மாற்றினார்களா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு அது இல்லாமலே ஓட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. வேண்டாம். பல இன்ஜின்களில் அது திறக்கும்போது இன்னொரு பக்கவழியை மூடும். அது இல்லையென்றால் தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிக்கொண்டிருக்கும், இன்னும் சூடாகும்.

கூலண்ட் நிரப்பும்போது

குழாய்த் தண்ணீர் வேண்டாம், "பி.யு.பி. தண்ணி சுத்தம்தானே" என்பார்கள், குடிக்கச் சுத்தம். துருவைத் தடுக்கிற மருந்தும் கொதிநிலையைக் கூட்டுகிற கிளைக்கால் (glycol) என்ற திரவமும் அதில் இல்லை. பெரிய இன்ஜின்களில் லைனர் என்கிற சிலிண்டர் உறை நேரடியாகத் தண்ணீரில் நிற்கும். அது அதிர்கிற அதிர்வில் சின்னச் சின்னக் குமிழிகள் உண்டாகி வெடித்து உலோகத்தைக் குத்திக் குத்தி ஓட்டை போடும், அதைத் தடுக்கிற மருந்து இருக்கிற கூலண்டைத்தான் இன்ஜின் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், நிறத்துக்கு ஒரு விதியும் கிடையாது.

கேபினைத் தூக்குவதற்கு முன் உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை டாஷ்போர்டு மேலிருந்த டிபன் கேரியர் முன் கண்ணாடியில் போய் விழுந்து, சாம்பார் முழுக்க வைப்பருக்குள் இறங்கியது, அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

காற்று வெளியேற்றும் திருகுகளைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றி, குமிழி இல்லாமல் ஒழுகத் தொடங்கியதும் மூடுங்கள். மூடியைத் திறந்து வைத்தே தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸ் சூடானதும் இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடுங்கள். அன்றைக்கே லோடு ஏற்றி அனுப்பாதீர்கள். காலியாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு, மறுநாள் காலை இன்ஜின் சில்லென்று இருக்கும்போது திறந்து பாருங்கள், பெரும்பாலும் அரை லிட்டராவது இறங்கியிருக்கும்.